தெற்கு வாசல் பிள்ளையார்

ஜனவரி 6, செவ்வாய்

டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "கோபம் வந்தா கத்தாதீங்க கற்பகம்மா, ஒரு நோட்டுல எழுதுங்க. பிரஷர் தன்னால இறங்கும்." பிரஷர் இறங்குமோ என்னவோ, கை வலிக்கும். நகைக்கடையில் சும்மா கொடுத்த டைரி ஒன்று அலமாரியில் கிடந்தது. அதில் ஆரம்பிக்கிறேன்.

இன்றைய கோபம்: சுவர்.

என் தையல் கடைக்கு நேர் எதிரே மக்ரா பார்க்கின் தெற்குச் சுவர். அதில் ஒரு காலத்தில் வாசல் இருந்தது. செங்கல் வைத்து அடைத்துவிட்டதால் இப்போது ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு குழிவு மட்டும் மிச்சம். எங்கள் பேண்டு சந்து வழியாகப் போகிற ஆண்பிள்ளை எவனுக்கும் அந்தக் குழிவைப் பார்த்ததும் முட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. ஆட்டோக்காரன், டை கட்டினவன், கல்யாணத்துக்குப் போகிறவன், வித்தியாசமே கிடையாது. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த பெண் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்?

இத்தனைக்கும் இது பேர்போன பார்க். மெக்ரே என்று ஒரு வெள்ளைக்காரன் போட்ட தோட்டம். நம் ஜனங்கள் வாயில் அவன் மக்ரா ஆகிவிட்டான். சனிக்கிழமை சாயங்காலம் உள்ளே பேண்டு வாசிப்பார்களாம். வாசித்தவர்கள், செடிக்குத் தண்ணீர் விட்டவர்கள், துரைகளின் துணி வெளுத்தவர்கள் எல்லாரும் குடியிருந்த இடம்தான் எங்கள் மக்ரா தோட்டம். துரைமார் வடக்கு வாசல் வழியாக வண்டியில் போவார்கள். வேலைக்காரர்களுக்கு இந்தத் தெற்கு வாசல். என் மாமனாரின் அப்பா பேண்டுக்காரர்களுக்குச் சிவப்புக் கோட்டு தைத்தவர். துரைமார் போன பிறகு எல்லாரும் எல்லா வாசலிலும் போனோம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் சாயங்காலம் ஆனால் தெருவே பார்க்குக்குள் இருக்கும். அப்புறம் ரயில் பாதை வேலைக்கென்று பார்க்கை வளைத்து இரும்பும் சிமெண்டும் கொட்டினார்கள், வாசலை அடைத்தார்கள். வேலை முடிந்தும் திறக்கவில்லை. கடைகள் ஒவ்வொன்றாக மூடி, தெரு சுணங்கிப்போனது.

இப்போது பார்க்கைப் பழையபடி ஆக்குகிறார்களாம். ஆக்கட்டும். முதலில் இந்த நாற்றத்துக்கு வழி சொல்லட்டும்.

ஜனவரி 9, வெள்ளி

வாசலில் இருந்தே ஒரு வாளித் தண்ணீரை வீசினேன். குறி தப்பவில்லை, ஆள்தான் தப்பு. கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர், கீழே விழுந்த பேனாவைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஜனவரி 12, திங்கள்

பிலோமினாவைப் பற்றி எழுதவில்லை. அவளைத் திட்டாமல் என் பொழுது விடிவதில்லை என்பதால் அவளும் கோபக் கணக்கில் சேர்த்திதான்.

அந்தக் குழிவுக்கு அடுத்தாற்போல் தூங்குமூஞ்சி மரத்தடியில் அவளுடைய மீன் வறுவல் வண்டி. சாயங்காலம் அடுப்பைப் பற்றவைத்தால் சந்து முழுக்க வாசனை. அடுப்பு, எண்ணெய் டின், சட்டி எல்லாம் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் தூங்கும். அவள் புருஷன் போனதும் என் புருஷன் போனதும் ஒரே வருஷம். அப்போதிலிருந்து இந்தப் பழக்கம். படியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது என்று நான் கத்துவேன். "நான்தான் பாக்கணும், வேற எவ வருவா?" என்பாள்.

நான் சைவம். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 13, செவ்வாய்

தொண்டையில் முள் மாதிரி ஏதோ சிக்கிக்கொண்டது. கீரைத் தண்டாக இருக்கும். பிலோமி சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னாள். சரியாகிவிட்டது.

ஜனவரி 18, ஞாயிறு

பார்க் வேலையைப் பார்க்கும் ஆர்க்கிடெக்ட் பெண் தெருவுக்கு வந்தாள். பேர் தஸ்லிமா. சின்ன வயது, வெயிலில் கறுத்த முகம், செருப்பெல்லாம் சுண்ணாம்பு. குளத்தைத் தூர் வாருகிறார்கள், பேண்டு மேடையைச் சரி செய்கிறார்கள், நடுவில் உள்ள பழைய நீரூற்றில் மறுபடி தண்ணீர் வரப்போகிறது, வடக்கு வாசலில் அலங்கார விளக்கு என்று அழகாகச் சொன்னாள்.

"தெற்கு வாசல்?" என்றேன்.

"அது பிளான்ல இல்ல ஆன்ட்டி."

எனக்கு வந்ததே பார். "ஏம்மா, துரை போன வாசலுக்கு விளக்கு போடுவீங்க, நாங்க போன வாசல மூடியே வெச்சிருப்பீங்களா? அவன் மேளத்துக்குக் கோட்டு தெச்சது யாரு? செடிக்குத் தண்ணி ஊத்துனது யாரு? மெக்ரே பொண்டாட்டியா வந்து ஊத்துனா?"

தெருவே கைதட்டியது. அந்தப் பெண் சுவர்ப் பக்கம் போய்க் குழிவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "நியாயந்தான் ஆன்ட்டி. நான் கேட்டுப் பாக்கறேன். ஆனா வாசலுக்கு முன்னாடி இடம் சுத்தமா இருக்கணும். எந்த அடைசலும் இருக்கக் கூடாது. பாக்க வர்றவங்க இந்த நாத்தத்துல மூக்கப் பொத்தினா அத்தோட கதை முடிஞ்சுது" என்றாள்.

உடனே கமிட்டி போட்டோம். பந்தல் காண்டிராக்டர் புருஷோத்தமன் தலைவர். செயலாளர் நான். வேறு யாரும் கை தூக்கவில்லை.

பிலோமிக்குக் காலே தரையில் பாவவில்லை. "வாசல் தொறந்தா சாயங்காலம் இன்னா கூட்டம் வரும்க்கா! நின்னுனே துன்றவன குந்த வெக்கணும். நாலு ஸ்டூல் போடப் போறேன்."

"முதல்ல படிக்கட்டு எண்ணெயத் தொட" என்றேன்.

ஜனவரி 26, திங்கள்

சுவரில் சாமி டைல்ஸ் ஒட்டினோம். பிள்ளையார், மாதா, பிறை, மூன்றும் வரிசையாக. ராத்திரியோடு சரி. காலையில் ஒருத்தன் மாதாவுக்கும் பிறைக்கும் நடுவில் இடம் பார்த்து நிற்கிறான். மத நல்லிணக்கம்.

பிப்ரவரி 2, திங்கள்

பிலோமிதான் யோசனை சொன்னாள். இதை நான் மறக்கக் கூடாது.

"டைல்ஸெல்லாம் ஆவாதுக்கா. போட்டோ மாதிரி சுவத்துல கீறாரு, யாருக்கு பயம் வரும்? கல்லா, கனமா, தரையில குந்தினுகீற சாமியா இருக்கணும்" என்றாள். சொல்லிவிட்டுக் குனிந்து வண்டிச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கல்லை இழுத்தாள். ரயில் வேலை நடந்தபோது பார்க்கில் இருந்து அள்ளி வெளியே கொட்டிய இடிபாட்டில் கிடந்த கல். இட்லிப் பானை அளவு இருக்கும். மண்ணும் எண்ணெயும் படிந்து கன்னங்கரேல் என்று கிடந்தது. புரட்டிப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தால், துதிக்கை! ஒரு காது முழுசு, இன்னொரு காது பாதி உடைந்தது, கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை.

"அடியே! பாவி! இத்தனை நாளா இதையா சக்கரத்துக்கு வெச்சிருந்தே?"

"எனுக்கு இன்னா தெரியும்? மூஞ்சி கீழ பாத்துனு இருந்துச்சு. கல்லு கல்லுதான்னு வெச்சேன்."

இரண்டு பேரும் தூக்கிக் குழிவில் வைத்தோம். நான் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். அவள் பூக்காரியிடம் போய் அருகம்புல் வாங்கி வந்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். எங்களுக்கு அண்டைக் கல் பிள்ளையார் ஆனது.

"உனக்கு ஒண்ணும் மனசுக்குக் கஷ்டம் இல்லையேடி?" என்று கேட்டேன். கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு நிற்கிறாளே.

"நாத்தம் போனா சரி. ஏசப்பாவும் மூக்கு வெச்சவர்தான்" என்றாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஒருத்தன் வேகமாக வந்தான், பெல்ட்டை அவிழ்த்தான், பார்த்தான், இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டு பேண்ட்டைப் பிடித்தபடி ஓடினான். நானும் பிலோமியும் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

பிப்ரவரி 13, வெள்ளி

யாரோ விளக்கேற்றியிருக்கிறார்கள். யாரோ தேங்காய் உடைத்திருக்கிறார்கள். துதிக்கை நுனியில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதில் வாயை வைத்து வேண்டுதலைச் சொன்னால் நேரே உள்ளே போய்விடும் என்று சந்தில் பேச்சு. இதை யார் கிளப்பினார்களோ. புருஷோத்தமன் தினம் காலையில் வந்து குனிந்து நெடுநேரம் சொல்கிறார். வீட்டுக்காரிக்கு வயிற்றில் ஆபரேஷன்.

மார்ச் 1, ஞாயிறு

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. புருஷோத்தமன் தகரக் கூரை போட்டு, மேடை கட்டி, வெள்ளிக் கண்ணும் சங்கிலியும் சாத்தி, பட்டு வேட்டி கட்டிவிட்டார். சந்தனத்தில் கல்லே தெரியவில்லை. காலையில் ஒரு குருக்கள் வந்து போகிறார். ஆனி மாதம் கும்பாபிஷேகமாம்.

சும்மா சொல்லக் கூடாது, சந்துக்கு உயிர் வந்துவிட்டது. குப்பை இல்லை. வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறார்கள். மூடிக் கிடந்த வெற்றிலைபாக்குக் கடை திறந்தது. எனக்குத் தைக்க இடமில்லாமல் துணி குவிகிறது. போகிறவர்கள் எல்லாம் "செயலாளரம்மா" என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

புருஷோத்தமனும் இன்னும் நான்கு பேரும் கடைக்கு வந்தார்கள்.

"டைலரம்மா, சாமிக்குப் பக்கத்துல மீன் கவுச்சி. சனங்க மூஞ்சி சுளிக்கிறாங்க. பிலோமினா உங்க ஆளு. நீங்க சொன்னா கேக்கும். தள்ளிக்கச் சொல்லுங்க."

"அந்தக் கல்லக் கொடுத்ததே அவதாண்ணே" என்று சொல்லியிருக்க வேண்டும். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். "சொல்றேன்" என்றேன்.

மார்ச் 17, செவ்வாய்

சொன்னேன். கும்பாபிஷேகம் முடியும் வரைக்கும் கொஞ்சம் தள்ளி நின்றுகொள், நாலு பேர் பேசுகிறார்கள், நான் செயலாளராக இருந்துகொண்டு என்ன செய்யட்டும் என்று.

பிலோமி மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். தடவி முடிக்கிற வரைக்கும் நிமிரவில்லை. "அவங்க சொன்னா நான் பதில் சொல்லுவேன். நீ சொல்றியேக்கா" என்றாள். அவ்வளவுதான். சண்டை போடுவாள் என்று நான் தயாராக இருந்தேன்.

மார்ச் 18, புதன்

மாடிப்படிக்குக் கீழே காலி. அடுப்பு, டின், சட்டி எதுவும் இல்லை. நான் மார்க்கெட் போயிருந்தபோது எடுத்துப் போயிருக்கிறாள். படியைச் சோடா உப்புப் போட்டுத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மார்ச் 23, திங்கள்

இரண்டு ஜாக்கெட்டில் கையை மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன். கண்ணாடி மாற்ற வேண்டும்.

மார்ச் 29, ஞாயிறு

பஸ் நிலையத்துக்கு எதிரில் வண்டி போட்டிருக்கிறாளாம். வெற்றிலைபாக்குக் கடைக்காரர் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

யாரும் இல்லாத நேரம் பார்த்து நானும் துதிக்கையில் வாயை வைத்து ஒன்று சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதமாட்டேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

தஸ்லிமா வந்தாள். முகமே சரியில்லை. தெற்கு வாசலைத் திறக்க மேலிடத்தில் முதலில் தலையாட்டியவர்கள் இப்போது கையை விரித்துவிட்டார்களாம். வாசலை மறித்துக்கொண்டு கோயில் இருக்கிறது, அதில் யார் கை வைப்பது?

"கொஞ்சம் தள்ளி வெச்சுக்க முடியாதா ஆன்ட்டி?" என்றாள்.

புருஷோத்தமனிடம் கேட்டேன். "சாமி உக்காந்த எடத்த மாத்தறதா? வாசல் இன்னாத்துக்கு? இத்தினி வருசம் வாசல் இல்லாம செத்தா பூட்டோம்?" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இதுதான்.

வாசலுக்காகச் சுவரைச் சுத்தம் பண்ண, சுத்தம் பண்ணச் சாமியை வைக்க, சாமியால் வாசலும் போச்சு, பிலோமியும் போச்சு. எனக்குச் செயலாளர் பட்டம் மட்டும் மிச்சம். அதை வைத்து நாக்கையா வழிப்பது?

ஏப்ரல் 19, ஞாயிறு

தெருக்காரர்களுக்குப் பார்க்கைச் சுற்றிக் காட்டத் தஸ்லிமா கூப்பிட்டாள். வடக்கு வாசல் வரை சுற்றிப் போக வேண்டும் என்று பாதிப் பேர் வரவில்லை. புருஷோத்தமன் முகூர்த்தப் பந்தல் வேலை என்று வரவில்லை. நான் போனேன்.

குளத்தில் தண்ணீர் நிற்கிறது. பேண்டு மேடைக்குப் பச்சை வர்ணம். நடுவில் நீரூற்று. வட்டத் தொட்டி, நடுவில் தூண், தூணின் நாலு பக்கமும் யானைத் தலை. துதிக்கை வழியாகத் தண்ணீர் கொட்டும் என்றாள்.

நாலு பக்கம் இல்லை, மூன்றுதான். நாலாவது பக்கம் வெறும் பொந்து.

"ஒண்ணு காணோம் ஆன்ட்டி. எங்கெங்கயோ தேடிட்டோம். புதுசா செதுக்கணும்னா இந்தக் கல்லே கிடைக்கல" என்று வருத்தப்பட்டாள்.

அந்த மூன்று முகத்தையும் நான் பார்த்தேன். அதே கல். அதே காது மடிப்பு. ஒவ்வொரு துதிக்கை நுனியிலும் அதே ஓட்டை. பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தஸ்லிமா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வெயில் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 24, வெள்ளி

நாலு நாள் யோசித்துவிட்டுப் பஸ் நிலையத்துக்குப் போனேன். பிலோமியின் வண்டியைச் சுற்றி ஆள் மொய்த்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மீனைத் திருப்பினாள்.

"இன்னா வோணும்?"

யாரோ மூன்றாம் மனுஷியிடம் கேட்பதைப் போலக் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவில், அத்தனை பஸ் டிரைவர்கள் முன்னால், "என்னை மன்னிச்சுடுடி. நீ இல்லாம எனக்கு வீடே பிடிக்கல" என்றேன். அறுபது வயதில் இப்படியெல்லாம் பேசுவேன் என்று நினைக்கவில்லை.

அவள் அடுப்பைத் தணித்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். இங்கே ஸ்டூல் வாங்கிவிட்டாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "எம் மேல கேஸ் போட்டு தொரத்தினது, நான் மிதிச்சினு இருந்த பைப்பு மூஞ்சியா? நல்லா கீதுக்கா!"

"சிரிக்காதடி. ஆனியில கும்பாபிஷேகம். அடியில அஷ்டபந்தன மருந்து சாத்திட்டா அப்புறம் அசைக்க முடியாது. இப்ப மேடையில சும்மாதான் வெச்சிருக்கு. எடுத்துட்டா வாசலும் திறக்கும், உன் இடமும் உனக்கு. ஆனா சாமியத் திருடறது பாவமில்ல?"

"அய்ய, உங்க ஆளுங்கதான் சொல்லுவீங்களே, புள்ளையாரத் திருடினு போயி வெச்சாதான் விசேசம்னு. எங்க பக்கத்து ஊட்டுக்காரரு புதுக் கோயிலுக்கு அப்டிதான் தூக்கினு வந்தாரு, மேளம் வெச்சு கும்புட்டாங்க."

அது வாஸ்தவம்தான். ஊரறிந்த வழக்கம். சைவக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இவள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"ஆனா ஒண்ணுக்கா. கைகுடுக்க வரேன். அதுக்காவ நான் அங்க திரும்பி வருவேன்னு நெனச்சுக்காத. இங்க வியாபாரம் கொட்டுது. பாத்தல்ல?"

பார்த்தேன். சரி என்றேன்.

மே 11, திங்கள்

அக்னி நட்சத்திரம். மத்தியானம் சந்தில் காக்கை கூட இல்லை. குருக்கள் போய்விட்டார். புருஷோத்தமன் கல்யாணப் பந்தலுக்குப் போய்விட்டார். பிலோமி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

முதலில் கும்பிட்டேன். "உன்னை உன் வீட்டுக்குத்தாம்ப்பா கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னேன். வெள்ளிக் கண்ணை எடுத்து, பட்டு வேட்டியை மடித்து, சங்கிலியோடு மேடை மேலேயே வைத்தேன். சாமியைத் திருடலாம், சாமி சொத்தைத் திருடக் கூடாது. தூக்கும்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. "மெதுவாக்கா, மெதுவா, உன்னையும் சேத்துத் தள்ளினு போவ முடியாது" என்கிறாள் அவள். ஈரக் கோணியைப் போட்டு மூடினோம்.

முனையில் டீக்கடைக்காரன் எட்டிப் பார்த்தான். "இன்னா பிலோமி, ஆளே காணோம்! இன்னிக்கு இன்னா மீனு?"

"சுறா."

"மொத்தமாவா?"

"தல மட்டுந்தான்" என்றாள். நான் கோணியை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினேன்.

பிலோமி வீட்டுக் குழாயடியில் சந்தனம், மஞ்சள் எல்லாம் போகக் கழுவினோம். அங்கிருந்து வடக்கு வாசல். தஸ்லிமா கோணியை விலக்கிப் பார்த்ததும் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். உடைந்த காதைத் தடவினாள்.

"எங்க இருந்துச்சு ஆன்ட்டி?"

"இங்கேர்ந்து போனதுதான் பாப்பா. திரும்பி வந்துடுச்சு."

காது மடிப்பில் இன்னும் கொஞ்சம் குங்குமம் இருந்தது. துப்பட்டா நுனியால் மெதுவாக ஒற்றி எடுத்தாள்.

மே 12, செவ்வாய்

தெரு அல்லோலகல்லோலப்படுகிறது. வெள்ளியை விட்டுவிட்டுச் சாமியை மட்டும் எடுத்திருக்கிறார்கள் என்றால் எவனோ புதுக் கோயில் கட்டுகிறான், நல்லதுதான் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். போலீஸ் பேச்சே எழவில்லை. நான் பயந்ததெல்லாம் வீண்.

ஆனால் புருஷோத்தமன் காலி மேடைக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிறார். "டெய்லி காலைல அவராண்டதான் டைலரம்மா பேசுவேன். வூட்ல பேசினா வீட்டுக்காரி பயப்படுவா. இனிமே யாராண்ட பேசறது?"

நான் இட்லி கூடச் சாப்பிடவில்லை. இந்த மனுஷனைப் பூசாரி, புடலங்காய் என்று எழுதினேனே. ஆள் போனால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

மே 22, வெள்ளி

நீரூற்றை ஓட்டிப் பார்க்கிறோம் வாங்க என்று தஸ்லிமா ஃபோன் பண்ணினாள். புருஷோத்தமனை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனேன். எதற்கு என்று சொல்லவில்லை.

மோட்டார் போட்டதும் நாலு துதிக்கையிலும் தண்ணீர் புஸ்ஸென்று வந்தது. அவர் சும்மா சுற்றி வந்தார். நாலாவது முகத்துக்கு முன்னால் நின்றார். உடைந்த காதைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் துதிக்கையிடம் குனிந்தார். முகமெல்லாம் தண்ணீர்.

"டைலரம்மா, இது..."

"ஆமாண்ணே."

"யாரு? நீங்களா?"

"நானும் பிலோமியும். கல்லு அவ கொடுத்தது. நீங்க அவளத் தொரத்தச் சொன்னீங்க, நானும் தொரத்தினேன். அடிக்கிறதுன்னா என்னை அடிங்க."

அவர் கை ஓங்கவில்லை, கத்தவும் இல்லை. சட்டையெல்லாம் நனைய நின்றுகொண்டு மற்ற மூன்று முகத்தையும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, "இவரு மொதல்ல இங்கதான் இருந்தாரா?" என்றார்.

"இங்கதான். கூடப் பொறந்தவங்க மூணு பேரும் இங்கதான் இருக்காங்க."

"பாவம். நம்ம தகரக் கொட்டாய்ல தனியா குந்தினு இருந்தாரே." வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். தண்ணீரா கண்ணீரா, யார் கண்டது. "அபிசேகம் பாருங்க, நிக்கவே இல்ல. எந்தக் குருக்களால முடியும்?" பிறகு வடக்கு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "டெய்லி காலைல எம்மாந்தூரம் சுத்தினு வரது? இந்தத் தெக்கு வாசல ஏன் இன்னும் தொறக்காம வெச்சினுகீறானுங்க?"

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். டாக்டரம்மா பார்த்திருந்தால் மெச்சியிருப்பாள்.

மே 25, திங்கள்

தகரக் கூரையைப் புருஷோத்தமன் தன் ஆட்களை வைத்தே பிரித்து, மேடையையும் எடுத்துவிட்டார். "பிள்ளையாரு உள்ள போயிட்டாரு, வாசலத் தொறந்தாதான் தரிசனம்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு, வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார். சில பேர் முறைத்தார்கள். தலைவரே சொன்ன பிறகு என்ன செய்ய?

ஜூன் 12, வெள்ளி

செங்கல்லை இடிக்கிறார்கள். கடையெல்லாம் தூசு. ஒரு பட்டுப் புடவை வீணாகிவிட்டது. திட்ட மனசு வரவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

தெற்கு வாசல் திறந்தாயிற்று.

காலையில் இருந்து தெருவே உள்ளேயும் வெளியேயும் போய் வருகிறது. சும்மா போகிறார்கள், சும்மா வருகிறார்கள். போக வாசல் இருப்பதே பெரிய சந்தோஷம். தஸ்லிமாவுக்குப் புருஷோத்தமன் மாலை போட்டார். அவர் வீட்டுக்காரி முதல் தடவையாக நடந்து வந்து நீரூற்றின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பார்க்குக்குள் சூடம் ஏற்றக் கூடாது என்று காவல்காரர் சொன்னார். "ஏத்தலைய்யா, பேசத்தான் வந்தேன்" என்றார் புருஷோத்தமன்.

எனக்கு எதிலும் மனசு நிற்கவில்லை. மரத்தடி காலியாகக் கிடந்தது. கரும்புச் சாறுக்காரன் வண்டியைக் கொண்டுவந்து போட்டான். "இங்க ஆள் இருக்கு" என்று விரட்டினேன். பஞ்சுமிட்டாய்க்காரன் வந்தான். அவனையும் விரட்டினேன். "யாரும்மா ஆளு? காட்டு" என்று அவன் சண்டைக்கு வந்தான். யாரைக் காட்டுவேன்? அவள்தான் வரமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாளே. நாலு மணி ஆயிற்று, ஐந்து ஆயிற்று. இத்தனை கூட்டத்தில் நான் மட்டும் வெறும் மரத்துக்குக் காவல் நிற்கிறேன்.

சந்து முனையில் வண்டிச் சத்தம் கேட்டது. ஸ்டூல்களைத் தலைகீழாக அடுக்கிக் கயிற்றால் கட்டி, வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு வருகிறாள். கூட்டம் விலகி வழி விட்டது. புருஷோத்தமன் ஓடிப் போய் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினார். அவரை ஒரு பார்வை பார்த்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நேரே வந்து மரத்தடியில் நிறுத்தினாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் வாய் வேறு எதையோ பேசியது. "அங்கதான் வியாபாரம் கொட்டுதுன்னியே, இங்க எதுக்குடி வந்தே?"

"கொட்டுதுதான்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அத்தினி பேரு வரான், துன்றான், போறான். ஒருத்தன், ஒரே ஒருத்தன் என்னத் திட்றானா? மரியாத குடுத்தே கொல்றானுங்கக்கா. எத்தினி நாளு தாங்கறது?"

மூன்று மாத பாக்கி இருந்தது. படிக்கட்டில் இருந்து ஆரம்பித்தேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள்.